டிஜே இசைக்கு ஏற்ப கட்டடத்தின் மேல் காட்சி ஓட்ட எந்த சாஃப்ட்வேர்?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிட்னியின் விவிட் ஒளி விழா மாதிரியான வீடியோக்களில் இசைக்கு ஏற்ப கட்டடமே உடைகிறது, மடிகிறது, மூச்சு விடுகிறது. அதே போல உங்கள் கல்லூரி கல்ச்சுரல்ஸில் மூன்று மாடி பிளாக்கின் மேல், டிஜே வாசிக்க வாசிக்க நேரலையாகச் செய்ய எந்த சாஃப்ட்வேர் வேண்டும்? ஒரு லேப்டாப்பும் ஒரு வாடகை ப்ரொஜெக்டரும் போதுமா? சாஃப்ட்வேர் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. அந்தக் கட்டடங்கள் இசையைக் கேட்டுத்தான் ஆடுகின்றனவா, இல்லை எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்ததா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் பாதி தெளிந்துவிடும். நான் மேடை விஷுவல்ஸும் கட்டட மேப்பிங்கும் (கட்டடத்தின் வடிவத்துக்குப் பொருத்தி ப்ரொஜெக்டரால் காட்சி அடிப்பது) பல வருடங்களாகச் செய்கிறவன். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு ப்ரொஜெக்டர் வரை உள்ள வேலைகள். நூறு ப்ரொஜெக்டர் வைக்கும் நிகழ்ச்சிகளைப் பார்வையாளனாக மட்டுமே தெரியும். அந்த அளவுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் ஏமாற்றமான விஷயம். நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நேரலை இல்லை. மேப்பிங் என்றதும் பலரும் காட்டும் உதாரணம் 2009இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக்கூடத்தின் நவீனக் கலைப் பிரிவுக் கட்டடத்தில் அர்பன்ஸ்க்ரீன் குழு செய்த 555 கூபிக். கட்டடக் கலைஞர் உங்கர்ஸ் கட்டிய முகப்பு முழுக்க சதுரம் சதுரமாகப் பிரிந்திருக்கும். இரண்டு பெரிய கைகள் வந்து அந்தச் சதுரங்களை அழுத்துகின்றன. கற்கள் உள்ளே போய் வெளியே வருகின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் கல் உராயும் சத்தம். பார்க்கிறவருக்குக் கட்டடம் சத்தம் போடுவது போலவே இருக்கும். ஆனால் காட்சியும் ஒலியும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பார்த்து ஸ்டூடியோவில் செய்யப்பட்டவை. அன்றிரவு அங்கே ஓடியது ஒரு ஃபைல்தான். அதே குழு 2012இல் சிட்னி ஓபரா ஹவுஸின் ஓடுகளின் மேல் செய்ததும் அதே வழியில்தான். இதற்கு நேரெதிராக, விவிட் விழா தொடங்கிய 2009இல் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ அதே ஓபரா ஹவுஸின் மேல் தன் 77 மில்லியன் பெயிண்டிங்ஸை ஓடவிட்டார். அது நிஜமாகவே அந்தந்தக் கணத்தில் உருவானது. படங்களை சாஃப்ட்வேர் கலந்து கலந்து புதிதாகக் கோத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதில் தாளத்துக்கு ஏற்ற துள்ளல் கிடையாது, மிக மெதுவாக நிறம் மாறும். ஆக, நேரலை வேறு, இசையோடு ஒட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கேட்பதால்தான் உங்கள் கேள்வி கடினமாகிறது.

இசையோடு ஒட்டவைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று டைம்கோட். இசை ஓடும் கருவியிலிருந்து ஒரு தனி ஒலித்தடத்தில் மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) என்று எண் வந்துகொண்டே இருக்கும். காட்சி அந்த எண்ணைப் பின்தொடரும். துல்லியத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இசை முதலிலிருந்து கடைசி வரை முடிவாகியிருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்து அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கும் டிஜேவுக்கு இது உதவாது. இரண்டாவது கடிகாரம். மின்னணு இசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி முறையில், மிடி க்ளாக் ஒரு தாள அடிக்கு 24 துடிப்புகளை அனுப்பும். 2016இல் வந்த ஏபிள்டன் லிங்க் அதையே நெட்வொர்க் வழியாகச் செய்கிறது. ஒரே வைஃபையில் உள்ள எல்லா நிரல்களும் ஒரே வேகத்தையும் ஒரே அடியையும் பகிர்ந்துகொள்ளும். மூன்றாவது, ஒலியையே கேட்பது. மிக்சரிலிருந்து வரும் ஒலியை அலைவரிசைகளாகப் பிரித்து, அடித்தள ஒலி எகிறும்போது ஒரு மதிப்பு எகிறும். அதைக் காட்சியின் அளவுக்கோ வெளிச்சத்துக்கோ கட்டிவிடுவது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மூன்றாவதைத்தான் விரும்புகிறார்கள், ஏனென்றால் அதுதான் மந்திரம் மாதிரி இருக்கிறது. எனக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கிக் டிரம் (தாள அடிக்கு விழும் கனத்த டிரம்) பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடிக்கிறது, பேஸ் லைனும் (தாழ்ந்த சுரத்தில் ஓடும் மெட்டு) அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் நிரல் குழப்பிக்கொள்ளும். டிஜே இரண்டு பாட்டைக் கலக்கும் அந்த அரை நிமிடத்தில் கட்டடம் வலிப்பு வந்த மாதிரி துடிக்கும். அதைவிட முக்கியமாக, ஒலியை மட்டும் கேட்கிற நிரலுக்கு நடந்து முடிந்ததுதான் தெரியும், வரப்போவது தெரியாது. நடன இசையின் சுவையே எதிர்பார்ப்பில் இருக்கிறது. டிரம் நின்று, சத்தம் மெல்ல மெல்ல ஏறி, ஒரு கணம் மௌனமாகி, பிறகு தாளம் மொத்தமாக வந்து விழுகிறது. அந்த மௌனத்தில் கட்டடம் முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது ஒரு மனிதக் காது மட்டும்தான்.

ஆகவே டிஜேவுடன் நேரலையாகச் செய்வதற்கு என் முறை: கடிகாரம் அடியைக் கவனிக்கும், இசையில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை என் கை கவனிக்கும், ஒலியைக் கேட்கும் வேலை ஏதாவது ஒரு சின்ன அசைவுக்கு மட்டும். கணக்கு எளிது. 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) ஓர் அடி கிட்டத்தட்ட 469 மில்லிசெகண்ட். நான்கு அடி ஒரு பார், அது 1.875 நொடி. 8 பார் 15 நொடி, 32 பார் சரியாக ஒரு நிமிடம். ஹவுஸ், டெக்னோ வகைகளில் பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் 8, 16, 32 பார்களில்தான் வரும். உங்கள் லூப்புகளை (திரும்பத் திரும்ப ஓடும் சிறு வீடியோக்களை) நொடிக் கணக்கில் செய்யாமல் அடிக் கணக்கில் செய்யுங்கள்: 120 பிபிஎம் என்று வைத்துக்கொண்டால் 16 அடி லூப் என்பது 8 நொடி. டிஜே 128இல் வாசித்தால் நிரலே அதைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிக்கொள்ளும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் செய்ய வேண்டியது, 16 பார் முடியும் இடத்தில் அடுத்த காட்சிக்கான பட்டனை அழுத்துவது. இதற்கு டிஜேயின் இசையை முன்பே நிறையக் கேட்டிருக்க வேண்டும். கச்சேரியில் நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் ஒவ்வொரு சங்கதிக்கும் விரலை ஓட்டுவதில்லை. எங்கே அடங்க வேண்டும் என்று தெரிந்து அடங்கி, அறுதியில் போய்ச் சேர்கிறார். எல்லா அடிக்கும் எல்லா ஜன்னலும் மின்னினால் மூன்றாவது நிமிடத்தில் யாரும் கட்டடத்தைப் பார்க்க மாட்டார்கள்.

லிங்க் பற்றி ஒரு குறிப்பு. டிஜே லேப்டாப்பில் டிராக்டர், செராட்டோ மாதிரி டிஜே நிரல் ஏதாவது வைத்து வாசித்தால் லிங்க் கிடைக்கும். கிளப்புகளில் இருக்கும் பயனியர் சிடிஜே பிளேயர்கள் ஏபிள்டன் லிங்க் பேசாது. அப்போது உங்கள் நிரலில் டேப் பட்டனைத் தாளத்துக்குத் தட்டி வேகத்தைப் பிடித்து, பார் தொடங்கும்போது ரீசிங்க் (அடியை முதலிலிருந்து எண்ணவைக்கும் பட்டன்) அழுத்துவதுதான் எளிய வழி. கேட்கப் பழைய வழியாகத் தெரியும். ஆனால் இன்றும் பல மேடைகளில் இப்படித்தான் நடக்கிறது.

இனி பலரும் யோசிக்காத ஒன்று: தூரம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் கட்டடத்தின் அடியில் இருந்தால், 35 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஒலி 100 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் போய்ச் சேரும். வெளிச்சத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆனால் லேப்டாப், கேபிள் மாற்றிகள், ப்ரொஜெக்டர் எல்லாம் சேர்ந்து படத்தையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 17 மில்லிசெகண்ட் என்று வைத்தால், மூன்று நான்கு ஃப்ரேம் போனாலே 50 முதல் 70 வரை. அதாவது சுமார் 20 மீட்டரில் நிற்பவருக்கு இரண்டு தாமதமும் தற்செயலாகச் சமமாகிவிடும். ஒலியும் படமும் எவ்வளவு விலகினால் கண்டுபிடிப்போம் என்பதற்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இருக்கிறது: ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தாங்கும். அது தொலைக்காட்சிக்காகச் சொன்னது. டெக்னோ கிக்குக்கும் அதே எண் பொருந்துமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் தாங்கும், எந்தப் பக்கம் தாங்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. படம் முந்தலாம், பிந்தக் கூடாது.

இதனால்தான் மைக் வைத்து ஒலியைக் கேட்காதீர்கள் என்கிறேன். கூட்டத்தின் நடுவே, 30 மீட்டர் தள்ளி உங்கள் மேசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைக்குக்கு ஒலி வந்து சேரவே 87 மில்லிசெகண்ட். 48 கிலோஹெர்ட்ஸில் 2048 மாதிரிகளை எடுத்து அலசும் நிரலுக்கு இன்னும் 43. அதன் பிறகு படத்தின் தாமதம் 60. உங்கள் பக்கத்தில் நிற்பவருக்குப் படம் ஒலிக்குப் பின்னால் 100 மில்லிசெகண்ட், முன்வரிசையில் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட 190. அதுவும் தாங்காத பக்கத்தில். மிக்சரிலிருந்து ஒரு கேபிள் இழுத்தால் இதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடிகாரத்தைப் பயன்படுத்தினால் படத்தை வேண்டுமென்றே சில ஃப்ரேம் முன்னால் தள்ளிவைக்கவும் முடியும். சவுண்டுக்காரரிடம் முதல் நாளே பேசி அந்த ஒரு அவுட்புட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி அன்று மாலை கேட்டால் கிடைக்காது.

ப்ரொஜெக்டர் போதுமா என்பதற்கு வருகிறேன். இதில் ஊகத்துக்கு இடமில்லை, வகுத்தல்தான். உங்கள் பிளாக் 16 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம் என்று எடுத்தால் பரப்பு 160 சதுர மீட்டர். வகுப்பறை ப்ரொஜெக்டர் 3,500 லூமென் (வெளியிடும் ஒளியின் அளவு) என்றால் சுவரில் விழுவது சதுர மீட்டருக்கு 22 லூமென், அதாவது 22 லக்ஸ். 10,000 லூமென் என்றால் 62 லக்ஸ். சுற்றியுள்ள தெருவிளக்கும் நடைபாதை விளக்கும் சேர்ந்து அந்தச் சுவரில் 15 லக்ஸ் போட்டால், 10,000 லூமெனிலும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஐந்து மடங்குதான் வித்தியாசம். வெளுத்த போஸ்டர் மாதிரி இருக்கும். அதே விளக்குகளை அணைத்து 2 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் முப்பது மடங்கு. இரண்டாவது ப்ரொஜெக்டருக்குச் செலவழிப்பதைவிட வளாக எலக்ட்ரீஷியனோடு டீ குடிப்பது பலன் தரும். எந்த சுவிட்ச் எந்த விளக்கு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சூரியன் மறைந்த உடனே தொடங்காதீர்கள், குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள்.

சுவரும் முக்கியம். வெள்ளை, கிரீம், வெளிர் மஞ்சள் சுண்ணாம்போ மேட் பெயின்ட்டோ அடித்திருந்தால் நல்லது. ஓபரா ஹவுஸ் இவ்வளவு நன்றாக வருவதற்கு அதன் ஓடுகள் வெள்ளையும் கிரீமுமாக இருப்பது ஒரு பெரிய காரணம். செங்கல் நிறம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். கண்ணாடி முகப்பு என்றால் வேறு பிளாக்கைப் பாருங்கள்; வெளிச்சம் உள்ளே போய்விடும், மிச்சம் வானத்துக்குத் தெறிக்கும். பளபளப்பான உலோகமும் கஷ்டம்தான். லாஸ் ஏஞ்சலஸில் வால்ட் டிஸ்னி இசையரங்கின் வளைந்த எஃகுத் தகடுகளின் மேல் 2018இல் கலைஞர் ரெஃபிக் அனடோல் செய்த நிகழ்ச்சிக்கு 42 பெரிய ப்ரொஜெக்டர்கள் வைத்தார்கள்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், காட்சியைப் பிறகு. லென்ஸின் த்ரோ ரேஷியோ (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்) 1.5 என்றால் 16 மீட்டர் அகலப் படத்துக்கு 24 மீட்டர் தூரம் வேண்டும். அங்கே மரம் இருக்கிறதா, பார்க்கிங்கா, கூட்டம் குறுக்கே நடக்குமா என்று பகலிலேயே நின்று பாருங்கள். தரையில் வைத்து மேல்நோக்கி அடித்தால் ஒவ்வொரு சன்ஷேடும் மேலே ஒரு கறுப்புப் பட்டையைப் போடும். உள்வாங்கிய ஜன்னலின் கீழ் ஓரம் காணாமல் போகும். எதிர் பிளாக்கின் முதல் மாடி பால்கனி கிடைத்தால் விடாதீர்கள். கிடைத்த இடத்தில் ப்ரொஜெக்டரை உறுதியாகக் கட்டுங்கள். ஆடும் ஸ்டாண்டு கூடவே கூடாது: 25 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு திரும்பினாலே சுவரில் 4 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். 1920 பிக்சல் அகலப் படம் 16 மீட்டருக்கு விரிந்தால் ஒரு பிக்சலே 8 மில்லிமீட்டர்தான், அதாவது ஐந்து பிக்சல் நகர்ந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் நேர்த்தியாக வரைந்த கோடு சுவரில் விழும்.

பெரிய குழுக்கள் கட்டடத்தை லேசர் ஸ்கேன் செய்து முப்பரிமாண மாதிரி செய்வார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. இரவில் ப்ரொஜெக்டரை வைத்து, மேப்பிங் நிரலில் ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து, அது சுவரில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மவுஸால் ஒவ்வொரு ஜன்னலின் நான்கு மூலையையும் பிடியுங்கள். லேப்டாப் திரையைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். ஒரு நண்பர் சுவருக்கு அருகில் நின்று போனில் “இன்னும் கொஞ்சம் இடது, போதும்” என்று சொல்ல வேண்டும். மூன்று மாடிக்கு ஓர் இரவு முழுக்கப் பிடிக்கும். ஆனால் அந்த இரவின் முடிவில் உங்களிடம் இருக்கும் வரைபடம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதை அப்படியே ஒரு படமாக ஏற்றுமதி செய்து, அதன் மேல் காட்சிகளைச் செய்யுங்கள். முதலில் செய்து பார்க்க வேண்டியது மிகச் சாதாரணமானது: சன்ஷேடின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு, ஒரு பாருக்கு ஒரு மாடியாக மேலே ஏறட்டும். முப்பரிமாண வெடிப்பு எதுவும் இல்லாமலே கூட்டம் திரும்பிப் பார்க்கும், ஏனென்றால் அது அந்தக் கட்டடத்தின் சொந்தக் கோடு. கட்டடத்தைக் கவனிக்காமல் மேலே வீசப்பட்ட வண்ண லூப்புகள் எவ்வளவு விலையுயர்ந்தவையாக இருந்தாலும் பெரிய டிவி மாதிரிதான் தெரியும். இது என் ரசனை என்றும் சொல்லலாம், மாற்றுக் கருத்துள்ள நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள்.

சரி, சாஃப்ட்வேர். ரெசொலூம் அரீனா இந்த வேலைக்கு நேரடியாகப் பொருந்தும்: லூப்புகளை அடிக் கணக்கில் ஓட்டும், லிங்க் உண்டு, சுவருக்கு ஏற்ப வளைக்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. அதன் சிறிய பதிப்பான அவென்யூவில் மேப்பிங் வசதி கிடையாது, வாங்கும்போது கவனியுங்கள். ஜெனீவாவைச் சேர்ந்த மேட்மேப்பர், கோடுகளைச் சுவரில் பிடிப்பதற்கு எனக்குப் பிடித்தது. டச்டிசைனர் எதையும் செய்யும், ஆனால் எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும்; இலவசப் பதிப்பு 1280க்கு 1280 பிக்சல் வரைதான் தரும். கல்ச்சுரல்ஸுக்கு ஒரு மாதம் இருந்தால் டச்டிசைனரைத் தொடாதீர்கள், ஒரு வருடம் இருந்தால் தாராளமாகத் தொடுங்கள். எந்த நிரலானாலும் வீடியோவை வழக்கமான எச்264 கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிவைக்கும் முறை) வைக்காமல் ஹாப் கோடெக்கிலோ, ரெசொலூம் என்றால் அதன் டிஎக்ஸ்வியிலோ மாற்றுங்கள். ஃபைல் பெரிதாகும், ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக இருப்பதால் எந்த இடத்துக்குத் தாவினாலும் தடுக்காது. கேம் ஆட வாங்கிய, தனி கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் உள்ள லேப்டாப் போதும்.

வெளிச்சத்தை மின்னி மின்னி அணையவைக்கும் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒளிமின்னலால் வலிப்பு வரக்கூடியவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பெரிய பரப்பு மின்னக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 128 பிபிஎம்மில் கிக்குக்கு ஒருமுறை மின்னினால் நொடிக்கு 2.1தான், பரவாயில்லை. அரை அடிக்கு ஒருமுறை என்று மாற்றினால் 4.3, வரம்பைத் தாண்டிவிட்டது. முழுக் கட்டடத்தையும் வெள்ளையாக்கி மின்னவைக்கும் அந்தப் பழைய வித்தை வேண்டாம். லேசர் ப்ரொஜெக்டர் எடுத்தால் லென்ஸுக்கு மிக அருகில் யாரும் கண்ணை வைக்க முடியாதபடி உயரத்தில் வையுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டுவதானால் லேப்டாப்புக்கு யூபிஎஸ் கட்டாயம். சவுண்டும் ப்ரொஜெக்டரும் தனித்தனி லைனில் இருக்கட்டும். கட்டடத்தில் இரவில் தங்குகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் சொல்லாமல் ஜன்னலுக்குள் வெளிச்சம் அடிக்காதீர்கள்.

ப்ரொஜெக்டரை வாடகைக்குத் தருபவரிடம் பேசும்போது லூமென் எண்ணோடு லென்ஸ் என்ன, கூடவே வருமா, முந்தின இரவே கருவி கிடைக்குமா என்று கேளுங்கள். ஒத்திகை இரவு இல்லாத வாடகை பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். உங்கள் பிளாக்கின் முகப்பைப் பகலிலும் இரவிலும் எடுத்த படங்கள், அதன் அகலம், எதிரில் ப்ரொஜெக்டர் வைக்க முடிந்த இடத்துக்கு உள்ள தூரம், இவற்றை இங்கே போட்டால் லென்ஸ் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.